ஆரணித் தறியும் அண்டை வீட்டு அன்பும்



நம் குடும்பங்களில் திருமணம் நிச்சயிக்கப்பட்டவுடன் முதலில் எழும் பேச்சு பட்டுச் சேலையைப் பற்றியதாகத்தான் இருக்கும். காஞ்சிக்குப் போவதா, ஆரணிக்குப் போவதா என்று வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு மாநாடே நடந்து முடியும். நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்திலும் சென்ற ஆண்டு இவ்வாறே நடந்தது. முடிவில் ஆரணி வென்றது. "சாமி, நீங்களும் கூட வந்தா நல்லாயிருக்கும்" என்று பெண்ணின் தந்தை அழைத்தார். பட்டைப் பற்றி நமக்கு யாதொன்றும் தெரியாதென்று சொல்லியும் அவர் விடவில்லை. ஆரணியை நாம் பலமுறை பேருந்தின் சாளரத்தின் வழியே கண்டதுண்டு, இறங்கி நடந்ததில்லை. ஆதலால் இசைந்தோம். முந்தின நாள் மாலையே நாம் தனியே சென்று, அவ்வூரில் பணிபுரியும் குருவானவரோடு தங்குவதென்றும், பெண் வீட்டார் மறுநாள் காலையில் வந்து சேர்வதென்றும் ஏற்பாடாயிற்று.

வேலூரிலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் சென்று, கண்ணமங்கலத்தில் தென்கிழக்கே திரும்பினால் ஆரணியை அடையலாம். மொத்தத்தில் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவு. புகைவண்டியில் வருவோர் ஊருக்குள்ளேயே இறங்க இயலாது. 'ஆரணி ரோடு' என்னும் நிலையம் சற்று அப்பால் களம்பூரில் இருக்கிறது. அரிசிக்குப் பெயர்பெற்ற அதே களம்பூர்தான். 1989-ஆம் ஆண்டில் வட ஆற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தின் பகுதியாயிற்று. ஊரை ஒட்டிக் கமண்டலநாகநதி செல்கிறது. மழைக்காலம் நீங்கலாக அதில் நீரைவிட மணலையே மிகுதியாகக் காணலாம். பழைய கோட்டையின் அடையாளங்களும் இங்கு உண்டு. 1751-ஆம் ஆண்டின் இறுதியில், ஆற்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட இராபர்ட் கிளைவ், சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபின் படையையும் அதற்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையையும் இங்கேதான் முறியடித்தார். பள்ளிப் பாடத்தில் படித்த பெயர் இது. ஆனால் அவ்வூரில் தங்கிய இரவிலும் மறுநாள் காலையிலும் நம் காதில் விழுந்தது தறியின் ஒலியே. 'டக், டக்' என்ற அந்த ஓசை நின்றால்தான் அங்குள்ளவர்கள் தலைநிமிர்ந்து பார்ப்பார்கள் போலும்.

அதிகாலையில் எழுந்து நடக்கப் புறப்பட்டோம். நெசவாளர் தெரு ஒன்றில் நாம் கண்ட காட்சி இன்றும் கண்முன் நிற்கிறது. தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கிப் பட்டுப் பாவு நீளமாக விரிக்கப்பட்டிருந்தது. சேலையின் நீளவாட்டில் ஓடும் இழைகளின் தொகுதியைப் பாவு என்பர். குறுக்கே ஓடுவது ஊடை. ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றோடொன்று சிக்காமல், தளராமல், இறுகிவிடாமல் நிற்க வேண்டும். இருபுறமும் ஆண்களும் பெண்களுமாக நின்று இழைகளைத் தடவிச் சீர்செய்துகொண்டிருந்தனர். அறுந்த இழை கையில் தட்டுப்பட்டால் உடனே முடிச்சிட்டனர். வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டுமாம்.

"இத்தனை பேருக்கும் கூலியா?" என்று அறியாமையால் கேட்டுவிட்டோம்.

பாவுக்குரியவர் சிரித்தார். "கூலியா! இவர் பக்கத்து வீடு. அந்தம்மா எதிர் வீடு. நாளைக்கு அவங்க பாவு விரிச்சா நான் போவேன், அவ்வளவுதான்" என்றார். சொல்லிவிட்டு மீண்டும் இழையில் கண் பதித்தார். அவருக்கு அது பேசத்தக்க செய்தியாகவே தோன்றவில்லை.

ஒன்பது மணிக்குப் பெண் வீட்டார் வந்து சேர்ந்தனர். கடை ஒன்றில் மூன்று மணி நேரம் விரித்தும் மடித்தும் பார்த்தபின், கருஞ்சிவப்பு உடலும் பச்சைக் கரையுமாக ஒரு சேலையை மணப்பெண் தேர்ந்தெடுத்தாள். விலை கொடுத்தாயிற்று, உணவுக்குப் போகலாம் என்று அனைவரும் எழுந்தபோது அவள் கடைக்காரரிடம், "இதை நெய்தவங்களைப் பார்க்கலாங்களா?" என்று கேட்டாள். அவர் ஒரு கணம் வியந்து நோக்கினார். பிறகு ஒரு சிறுவனைத் துணைக்கு அனுப்பினார்.

ஒடுக்கமான ஒரு தெருவில், தாழ்ந்த வாயிலுள்ள வீடு. முன்னறை முழுவதையும் தறியே நிறைத்திருந்தது. அது குழித்தறி. தரையில் தோண்டிய குழியினுள் கால்களை இறக்கி மிதிபலகையை மிதித்தவாறு ஐம்பது வயது மதிக்கத்தக்க நெசவாளர் அமர்ந்திருந்தார். தறியின் ஓரத்தில் அவர் மனைவி. கரையையும் உடலையும் வெவ்வேறு நிற ஊடையால் நெய்து கோர்க்கும் கோர்வைச் சேலைக்கு ஒருவர் கை போதாது; மறுபுறத்திலிருந்து நாடாவைத் தள்ளிவிட இன்னொருவர் வேண்டும். கணவனும் மனைவியும் ஒரு சொல்லும் பேசாமல், ஒருவர் கையை மற்றவர் கை அறிந்தாற்போல் இயங்கினர். நாம் குருவானவர் என்று சிறுவன் சொன்னதும் இருவரும் எழ முயன்றனர். வேண்டாமென்று தடுத்து, ஓரமாகப் பாயில் அமர்ந்தோம்.

சுவரோரத்தில் ஒரு பழைய மூங்கில் கூடை இருந்தது. அதில் ஒன்றுமில்லை. இருந்தும் அது துடைத்துச் சுத்தமாக, மாடத்தருகே பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. "இது எதற்கு?" என்று பெண்ணின் தாயார் கேட்டதிலிருந்துதான் பின்வரும் செய்தி வெளிவந்தது. நெசவாளர் தயங்கினார், அவர் மனைவியே பெரும்பகுதியைச் சொன்னார்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் ஊரடங்கு வந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். திருமணங்கள் தள்ளிப்போயின. நடந்தவையும் 50 பேருக்கு மேல் கூடலாகாது என்ற கட்டுப்பாட்டுக்குள் எளிமையாக முடிந்தன. திருமணமே எளிமையானபின் பட்டை யார் தேடுவர்? இந்த வீட்டுத் தறியில் பாதி நெய்த சேலை அப்படியே நின்றது. நெய்யத் தந்திருந்த முதலாளி, "இப்போதைக்கு நிறுத்திவை" என்று சொல்லியனுப்பினார். கூலி நின்றது, கடன் நிற்கவில்லை. மாதங்கள் சென்று, கட்டுப்பாடுகள் தளர்ந்து, "சேலையை முடித்துக் கொடு" என்று முதலாளி கேட்டபோது வேறொரு தடை முளைத்திருந்தது. நெசவாளருக்குத் தறியில் இறங்க மனம் வரவில்லை. காலையில் எழுவார், திண்ணையில் அமர்வார், மாலைவரை அங்கேயே இருப்பார். யாரோடும் பேச்சில்லை. உறவினர் வந்து புத்தி சொன்னார்கள். "ஆம்பளை இப்படி உக்காந்தா குடும்பம் என்னாகிறது?" என்று சிலர் கடிந்தும் பேசினார்கள். அவை அவரை இன்னும் உள்ளே ஒடுங்கவே செய்தன.

அடுத்த வீட்டில் எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டியார் இருக்கிறார். உறவில்லை, ஆயினும் அவரை இவர்கள் 'அத்தை' என்றே அழைப்பது வழக்கம். தம் மகனின் தறிக்கு ராட்டையில் தார் சுற்றித் தருவது அவர் வேலை. ஊடை நூலைச் சிறு குச்சியில் சுற்றியெடுப்பதே தார். அதை நாடாவினுள் பொருத்தித்தான் நெய்ய வேண்டும். ஒருநாள் அவர் இந்த வீட்டுக்கு வந்து, "உங்க வீட்டு ஊடையைக் கொஞ்சம் கொடு" என்று மனைவியிடம் வாங்கிச் சென்றார். மாலையில் இரண்டு தார் சுற்றிக் கொண்டுவந்து இந்தக் கூடையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாளும் இரண்டு. அதற்கு மறுநாளும் இரண்டு.

நான்காம் நாள் நெசவாளர் வாய் திறந்தார். "தறியே ஓடலை. தார் எதுக்கு அத்தை?"

"ஓடும்போது வேணுமே தம்பி" என்றாராம் அவர். புத்தி சொல்லவில்லை, காரணம் கேட்கவில்லை, சற்று நேரம் திண்ணையில் அமர்ந்து, தம் மகனின் பிள்ளைகளைப் பற்றி ஏதோ பேசிவிட்டுப் போய்விட்டார்.

கூடை நிறையத் தொடங்கியது. இரண்டு வாரம் சென்றிருக்கலாம். ஒரு காலை நெசவாளர் எழுந்து, கூடையைப் பார்த்துவிட்டு, "பட்டு தூசி படியுது" என்று மட்டும் சொல்லித் தறிமேல் கிடந்த துணியை நீக்கினார். அன்று நான்கு விரற்கடைதான் நெய்தார். மறுநாள் ஒரு சாண். அப்படியாக அந்தச் சேலை முடிந்தது.

"அன்னைக்கு எங்க அத்தை அந்தத் தாரைக் கொண்டுவரலைன்னா..." என்று சொல்லத் தொடங்கிய அம்மையார் முடிக்கவில்லை. நெசவாளர் குனிந்து நாடாவைச் சரிசெய்வதுபோல் இருந்தார். நம்மோடு வந்தவர்களும் ஒன்றும் பேசவில்லை.

விடைபெற்று வெளியே வந்தபோது அடுத்த வீட்டு வாயிலில் அந்த மூதாட்டியார் ராட்டையோடு அமர்ந்திருந்தார். நாம் அருகே சென்று, அவர் செய்த நன்மையை வியந்து இரண்டு வார்த்தை சொன்னோம். அவர் நெற்றியைச் சுருக்கினார். "தாரா? எந்தத் தார்?" என்றார். நினைவூட்டியபின், "அட, அதைப் போய்ப் பெரிசாச் சொன்னாளா? சும்மா கிடந்த கை சாமி" என்று சிரித்தார். அடக்கத்தினால் அப்படிச் சொன்னாரென்று நமக்குத் தோன்றவில்லை. மெய்யாகவே மறந்துவிட்டிருந்தார்.

திரும்பும் வழியெல்லாம் நம் மனத்தில் இதுவே சுழன்றது. ஒரே செயல். செய்தவருக்கு அது நினைவிலேயே இல்லை. பெற்றவர்களோ அதற்குச் சாட்சியாக ஒரு வெற்றுக் கூடையைத் துடைத்து வைத்துக் காத்து வருகிறார்கள். கொடுப்பவர் கையில் ஒரு படி, பெறுபவர் கையில் வேறொரு படி. இரண்டும் ஒரே அளவைக் காட்டுவதில்லை. வள்ளுவப் பெருந்தகை செய்ந்நன்றி அறிதல் என்னும் அதிகாரத்தில், தினையையும் பனையையும் அருகருகே வைத்து உணர்த்தியதும் இதுவன்றோ! தினையளவு உதவியைப் பனையளவாகக் காண்பவர் அதன் பயனை அறிந்தவரே. கொடுத்தவர் கண்ணுக்கு அது தினையாகவே இருக்கிறது.

இதை அண்மைக் காலத்து ஆய்வாளரும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க நாட்டின் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்னும் உளவியல் பேராசிரியர் இருவர் 2022-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிகாகோ நகரத்தில், கடுங்குளிரில் பனிச்சறுக்கு ஆடும் இடத்தில், வந்தவர்களிடம் ஒரு கோப்பைச் சூடான சாக்லேட் பானத்தைக் கொடுத்து, அதை முன்பின் அறியாத ஒருவருக்கு வழங்கச் செய்தனர். பெறுபவருக்கு இது எவ்வளவு பெரிதாகத் தோன்றும், அவர் உள்ளம் எவ்வளவு மகிழும் என்று கொடுப்பவரை மதிப்பிடச் சொன்னார்கள். பின்பு பெற்றவரையும் கேட்டார்கள். கொடுத்தவர் எதிர்பார்த்ததைவிடப் பெற்றவர் மிகுதியாகவே மகிழ்ந்திருந்தனர். இன்னொரு சோதனையில் சிறு கேக்குகளை வழங்கினர். ஆய்வில் பங்குகொண்டமைக்காக அந்தக் கேக்கைப் பெற்றவர்களைவிட, யாரோ ஒருவர் அன்பினால் கொடுத்தார் என்று பெற்றவர்கள் மிகுதியாக மகிழ்ந்தார்கள். கேக்கு ஒன்றே, கூடவே வந்த மனம்தான் வேறு. கொடுப்பவரோ தாம் கொடுக்கும் பொருளையே எண்ணிக்கொண்டிருப்பதால், அதனோடு சேர்ந்து செல்லும் கனிவைக் கணக்கில் எடுக்கத் தவறுகிறார். மேலும், இத்தகைய அன்பைப் பெற்றவர்கள் அடுத்து வந்த வேறொருவரிடம் தாராளமாக நடந்துகொண்டார்கள் என்பதையும் அவ்விருவர் கண்டனர்.

இந்தத் தவறான கணக்கினால் விளையும் தீங்கு சிறிதன்று. 'இது என்ன பெரிய உதவி' என்று எண்ணுவதால்தான் நாம் பல உதவிகளைச் செய்யாமலே விடுகிறோம். உள்ளத்தில் கொடுமை கொண்டு விடுவதில்லை, கூச்சத்தினால் விடுகிறோம். துக்க வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது என்று தெரியாமல் போகாமலே இருந்துவிடுகிறோம். தேர்வில் தவறிய பிள்ளையின் வீட்டைக் கடக்கையில், ஏதாவது கேட்டால் வருந்துவானோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். ஒரு குவளைத் தண்ணீருக்கும் கைம்மாறு உண்டு என்று நம் ஆண்டவர் குறிப்பிட்டது, குவளை சிறிதென்று நாணி நாம் கொடாமல் இருந்துவிடுவோம் என்பதை அறிந்தேயன்றோ!

இதைப் பிறருக்கு உபதேசமாகச் சொல்ல நமக்குத் தகுதி குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் முதியவர் ஒருவர் மனைவியை இழந்தார். அடக்கச் சடங்கை நாமே நிறைவேற்றினோம். அதன்பின் கிளைப்பங்குக்குச் செல்லும் வழியில் அவர் வீட்டைத் தினமும் கடந்து சென்றோம். திண்ணையில் அமர்ந்திருப்பார், கை உயர்த்துவோம், அவரும் உயர்த்துவார். இறங்கலாமே என்று மனம் சொல்லும். இறங்கி என்ன சொல்வது, ஆறுதல் மொழிகளையெல்லாம் அன்றே சொல்லிவிட்டோமே, வெறுங்கையோடு போய் என்ன பயன் என்று வேறொரு எண்ணம் தடுக்கும். வண்டி நிற்காமல் போய்விடும். ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் இப்படியே சென்றன. பிறகு மகன் வந்து அவரைத் திருப்பூருக்கு அழைத்துச் சென்றார். புறப்படுமுன் விடைபெற வந்தவர், குறை கூறும் தொனி சிறிதுமின்றிச் சொன்னார்: "காலையில உங்க வண்டிச் சத்தம் தூரத்துலயே கேக்கும் சாமி. இன்னைக்கு நிக்கும்னு நினைச்சுக்குவேன்."

அவர் எதிர்பார்த்தது மறையுரையை அன்று. இரண்டு நிமிடம் ஒருவர் அருகில் அமர்வதை. ஆரணி மூதாட்டியாருக்குத் தெரிந்திருந்த இந்த எளிய பாடம், பல ஆண்டுகள் குருமடத்தில் பயின்ற நமக்கு அன்று விளங்கவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டு தார் ஒரு குடும்பத்தின் கடனைத் தீர்த்துவிடாது. அந்த நெசவாளருக்கு இன்றும் கடன் இருக்கிறது. விசைத்தறியின் போட்டியும், ஏறிவரும் பட்டு, சரிகை விலையும் அவரை இன்றும் வாட்டுகின்றன. நியாயமான கூலி கொடுக்க வேண்டியவர் அன்பான சொல்லைக் கொடுத்துத் தப்பிவிட முடியாது. அவ்வாறே மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்து, உணவும் உறக்கமும் கெட்டு, வாழ்வே வேண்டாமென்ற எண்ணம் தலைதூக்கினால், தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அப்போது கூடவே துணைக்குப் போவதே நாம் செய்யக்கூடிய சிறந்த உதவி. சிறு அன்பு எல்லா நோய்க்கும் மருந்தென்று நாம் சொல்லவில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் முழுப் பாவையும் புதிதாக்க யாராலும் இயலாது. அறுந்த இடத்தில் ஒரு முடிச்சு இடலாம். அந்த முடிச்சினால்தான் தறி மேலே ஓடுகிறது.

இனி அந்த மணப்பெண்ணின் செய்தி. நெசவாளர் வீட்டை விட்டுப் புறப்படுகையில் அவள் தயங்கி நின்று, "கல்யாணத்துக்கு அப்புறம் இந்தச் சேலையோட எடுத்த படத்தை உங்களுக்கு அனுப்பட்டுமா அண்ணா?" என்று கேட்டாள். "எதுக்குடி அவங்களைத் தொந்தரவு பண்றே?" என்று தாயார் மெல்லிய குரலில் கடிந்தார். தாய் சொன்னதிலும் பிழையில்லை. நாமும் அப்படியே எண்ணியிருப்போம். நெசவாளரோ சிரித்துத் தம் கைப்பேசி எண்ணைக் கொடுத்தார்.

திருமணம் நன்முறையில் நிறைவேறியது. பெண் சொன்னபடி படத்தை அனுப்பினாள். இரண்டு நாட்களுக்குப் பின் நெசவாளர் அவளை அழைத்துப் பேசினாராம். இருபத்தெட்டு ஆண்டுகளாக நெய்துவரும் அவர், தாம் நெய்த சேலையை உடுத்திய ஒருவர் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாராம். சேலை கடைக்குப் போகும், கடையிலிருந்து எங்கோ போகும்; அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் மனைவி அந்தப் படத்தைத் தெரு முழுவதும் எடுத்துச் சென்று காட்டிவிட்டாராம். அடுத்த வீட்டு அத்தை கண்ணுக்கருகே வைத்துப் பார்த்து, "கரை நல்லா விழுந்திருக்கே. இது நான் சுத்தின தாரா?" என்று கேட்டாராம். அந்தச் சேலைக்கான தாரை அவர் சுற்றவில்லை. இருந்தபோதிலும், "ஆமாம் அத்தை" என்றே சொல்லிவிட்டார்களாம்.

அன்பர்களே, அடுத்த முறை உங்கள் வீட்டில் பட்டெடுக்கப் போகும்போது, இயலுமானால் அதை நெய்தவர் யாரென்று கேட்டுப் பாருங்கள். பட்டெடுக்கும் நாள் எல்லார்க்கும் அடிக்கடி வருவதில்லை. ஆனால் உங்கள் தெருவில் திண்ணையில் தனித்திருக்கும் ஒருவர், வேலையிழந்து வீட்டுக்குள் அடைந்திருக்கும் ஓர் இளைஞர், பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் பேச ஆளில்லாத ஒரு தாய் இன்றும் இருக்கக்கூடும். நீங்கள் கொண்டுபோகும் ஒரு கிண்ணக் குழம்பு உங்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். அதை அளக்க வேண்டியவர் நீங்களல்லர், கொடுத்துவிட்டு வாருங்கள்.

நாமும் இப்போது கிளைப்பங்குக்குக் கால்மணி நேரம் முன்னதாகவே வண்டியை எடுக்கிறோம். வழியில் நிறுத்துவதற்கு நேரம் வேண்டுமன்றோ!